மாருத்தின் இடுப்பு: ஒரு பழைய போர் விமானத்தைப் படம் பிடிப்பது எப்படி

'மாருத் விமானம்' என்று இணையத்தில் படம் தேடினால் பெரும்பாலும் ஒரே கோணம்தான் வரும். மூக்குக்கு முன்னால் சற்று ஓரமாக நின்று, மொபைலை நெஞ்சு உயரத்தில் பிடித்து, விமானம் முழுசாக அடங்குகிற மாதிரி ஒரு கிளிக். மூக்கு பூதாகாரமாகத் தெரியும், வால் எங்கேயோ சுருங்கிக் கிடக்கும். படம் என்னவோ கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த விமானத்தின் கதை இருப்பது இடுப்பிலும் வாலிலும். அந்தக் கோணத்தில் இரண்டுமே மறைந்துவிடுகின்றன.

நான் விமானப் பொறியாளர் இல்லை. பிஇ படித்தது வேறு துறை, பிழைப்பு மென்பொருள். பெங்களூரில் இருப்பதால் எச்ஏஎல் அருங்காட்சியகம் பைக் தூரத்தில் இருக்கிறது. ஓல்ட் ஏர்போர்ட் ரோட்டில், பழைய விமான நிலையத்தைத் தாண்டி மாரத்தஹள்ளி போகும் வழியில். 2001-இல் திறந்தது. வெளியே மரங்களுக்கு நடுவே பழைய விமானங்கள் நிற்கின்றன. அதில் ஒன்றுதான் எச்எஃப்-24 மாருத், இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் ஜெட் போர் விமானம். நகரத்துக்குள் கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்திலும் ஒன்று உண்டு. டெல்லியில் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று. ஜெர்மனியில், முனிக் பக்கத்தில் ஷ்லைஸ்ஹைம் என்ற ஊரில் டாய்ச்சஸ் மியூசியத்தின் விமானக் கூடத்திலும் ஒன்று நிற்கிறது. அது அங்கே போனதற்குக் காரணம் இருக்கிறது. வடிவமைத்தவர் ஒரு ஜெர்மானியர்.

கர்ட் டாங்க். இரண்டாம் உலகப்போரில் ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர். போருக்குப் பிறகு அர்ஜென்டினா போய் புல்கி 2 என்றொரு ஜெட் செய்தார். பிறகு இந்தியா. அப்துல் கலாம் தன் சுயசரிதையில், குரோம்பேட்டை எம்ஐடி-யின் பேராசிரியர்களைப் பற்றிப் பேசுமிடத்தில் டாங்க் பெயரையும் சொல்கிறார். 1956-இல் மாருத் வேலை தொடங்கியது. விமானப்படை கேட்டது சின்ன விஷயம் இல்லை: ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம், 60,000 அடி உயரம், 800 கிலோமீட்டர் சுற்றுவட்டம். சைக்கிள் உதிரிப்பாகத்துக்கே வெளிநாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. முதலில் அதே அளவில், அதே வடிவத்தில் மரத்தில் ஒரு கிளைடர் செய்தார்கள். எஞ்சின் கிடையாது. ஒரு டகோட்டா விமானத்தின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய் மேலே விட்டு, 1959 முதல் 78 தடவை பறந்து பார்த்தார்கள். அசல் விமானம் 1961 ஜூன் 17 அன்று பறந்தது. ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். மருத் என்றால் வடமொழியில் புயல்காற்றின் தேவர்கள். நம்மிடம் 'மந்த மாருதம்' என்று மெல்லிய தென்றலாக வந்து சேர்ந்த அதே சொல். கடைசியில் எந்தப் பொருள் பொருத்தம் என்பதில் விமானப்படைக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு என்று கிண்டலாகச் சொல்லலாம்.

சரி, இடுப்பு.

பக்கவாட்டில் நின்று பார்த்தால் மாருத் நீளமான, ஒல்லியான ஒரு பென்சில். மேலிருந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் உடல் உள்ளே ஒடுங்குகிறது, அதைத் தாண்டியதும் மறுபடி அகலமாகிறது. பழைய கோலி சோடா பாட்டிலின் கழுத்துக்குக் கீழே இருக்கிற வளைவு மாதிரி. இது அழகுக்காக வைத்தது இல்லை. 'ஏரியா ரூல்' என்ற ஒரு விதிக்காக.

கேரட்டை வட்டம் வட்டமாக நறுக்குகிற மாதிரி ஒரு விமானத்தை மூக்கிலிருந்து வால் வரை மெல்லிய வில்லைகளாக நறுக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வில்லையின் பரப்பளவையும் வரைபடத்தில் போடுங்கள். மூக்கில் பூஜ்யம், மெதுவாக ஏறும். இறக்கை ஆரம்பிக்கிற இடத்தில் திடீரென்று பெரிய பரப்பளவு சேரும். வரைபடத்தில் ஒரு திமில் எழும்பும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றுக்கு இந்தத் திமில் பிடிக்காது. அது இறக்கையா, உடலா, விமானியின் கண்ணாடிக் கூண்டா என்றெல்லாம் அது பிரித்துப் பார்ப்பதில்லை. மொத்தப் பரப்பளவு எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. சட்டென்று மாறினால் அதிர்ச்சி அலைகள் வலுத்து, இழுவை எகிறும். அதனால் இறக்கை சேர்க்கிற பரப்பளவை உடலில் கழித்துவிட வேண்டும். அதாவது அங்கே உடலை ஒடுக்க வேண்டும். கழித்தபின் வரைபடம் திமில் இல்லாத மேடாகிவிடும்.

இதை அமெரிக்காவில் 1952 வாக்கில் தெளிவாகச் சொன்னவர் ரிச்சர்ட் விட்காம்ப். ஜெர்மனியில் யுங்கர்ஸ் நிறுவனத்தின் ஓட்டோ ஃப்ரென்ஸ்ல் போர்க்காலத்திலேயே இதையொத்த யோசனைக்குக் காப்புரிமை கேட்டிருந்தார். விதிக்கு நல்ல சாட்சி கான்வேர் எஃப்-102. 1953-இல் பறந்த முதல் விமானம் ஒலி வேகத்தைத் தாண்ட மறுத்தது. உடலுக்கு இடுப்பு வைத்து மாற்றிக் கட்டினார்கள், அடுத்த ஆண்டே தாண்டியது. மாருத்தில் இந்த இடுப்பு வரைபலகையிலேயே வந்துவிட்டது. 1950களின் கடைசியில் பெங்களூரில் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார்கள் என்பதற்கான நேரடி ஆதாரம் அந்தத் தகட்டின் வளைவு. அதைத்தான் படம் பிடிக்க வேண்டும்.

இங்கேதான் லென்ஸ் கணக்கு வருகிறது. மாருத்தின் நீளம் 15.87 மீட்டர், இறக்கை முனையிலிருந்து முனைக்கு 9 மீட்டர். சாதாரண மொபைலின் முதன்மை கேமராவில் முழு நீளமும் அடங்க பக்கவாட்டில் 12 மீட்டர் தள்ளி நின்றால் போதும். ஆனால் அங்கிருந்து பார்க்கும்போது நம் பக்க இறக்கை முனை 7.5 மீட்டரிலும், உடலின் மையம் 12 மீட்டரிலும் இருக்கும். அருகில் இருப்பது 1.6 மடங்கு பெரிதாகத் தெரியும். இறக்கை முன்னால் வந்து விழுந்து உடலை அமுக்கிவிடும், இடுப்பின் வளைவு எது, கோணத்தால் வந்த வளைவு எது என்று பிரிக்க முடியாது. 24 மீட்டர் தள்ளி நின்றால் அதே விகிதம் 1.23 ஆகிவிடும். ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் போட்டால் சுமார் 24 மீட்டரில் விமானம் சரியாக ஃப்ரேமை நிரப்பும். மொபைல்காரர்கள் இரண்டு மடங்கு ஜூமில் வைத்துப் பின்னால் நடந்தால் போதும். 'வைட் ஆங்கிள் வளைக்கிறது' என்று பொதுவாகச் சொல்கிறோம். வளைப்பது லென்ஸ் இல்லை, நாம் நிற்கிற தூரம். லென்ஸ் அந்தத் தூரத்தில் நிற்க அனுமதிக்கிறது, அவ்வளவுதான்.

24 மீட்டர் பின்னால் போனால் நடுவில் மரம், பெஞ்ச், இன்னொரு விமானத்தின் வால், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரிசை எல்லாம் வரும். பிள்ளைகளுக்கு ஒரு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். மரத்துக்கு வழி இல்லை. சுற்றி வந்து இடைவெளியைத் தேட வேண்டியதுதான்.

அடுத்தது காற்று உள்ளே போகிற வாய். விமானி இருக்கைக்கு இரு பக்கமும் அரைவட்டமாக ஒன்று. அதன் நடுவில் உடலோடு ஒட்டி ஒரு அரைக்கூம்பு இருக்கும். ஐஸ்கிரீம் கோனை நீளவாக்கில் பாதியாக வெட்டி ஒட்டின மாதிரி. அருகில் போய் இதை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியைவிட மெதுவாகப் பறக்கிற விமானத்துக்கு இந்தக் கூம்பு தேவையே இல்லை. ஒலியைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகும்போது, வருகிற காற்றை ஒரே அடியில் முட்டவைத்து நிறுத்தாமல், சாய்வான அதிர்ச்சி அலையால் முதலில் கொஞ்சம் வேகம் குறைத்து எஞ்சினுக்கு அனுப்புவதற்காக வைப்பது. அதாவது இந்தக் கூம்பு ஒரு கனவு. 'நான் மாக் 2 போகப் பிறந்தவன்' என்று விமானம் முகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

வாய்க்குள் இருட்டு, வெளியே வெயில். ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் வராது. இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, நடுவில் ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று என்று மூன்று எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். மேகமான நாளில் ஒன்றே போதும். பல அருங்காட்சியகங்களில் பறவை கூடு கட்டாமலிருக்க வாயைப் பலகையோ வலையோ வைத்து அடைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் கூம்பின் முனை மட்டும் கிடைக்கும். அதுவும் போதும்.

இப்போது பின்னால் வாருங்கள். யாரும் நிற்காத பக்கம் அது.

வாலின் அடியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு எஞ்சின் துவாரங்கள். அவ்வளவு பெரிய உடலுக்கு இவ்வளவு சின்னதா என்று தோன்றும். அந்தத் தோன்றல் சரிதான். உள்ளே இருந்தவை ஆர்ஃபியஸ் 703. பிரிட்டனின் பிரிஸ்டல் நிறுவனம் நேட் என்ற குட்டி விமானத்தை மனதில் வைத்துச் செய்த எஞ்சின் குடும்பம். நல்ல எஞ்சின்தான், எளிமையானது, உழைக்கக்கூடியது. ஆனால் ஒன்றின் தள்ளுவிசை 4,850 பவுண்டு, சுமார் 2,200 கிலோ. இரண்டும் சேர்த்து 4,400 கிலோ. வெளியே எதுவும் தொங்கவிடாமல் புறப்படும் மாருத்தின் எடை ஏறக்குறைய 8,950 கிலோ. விகிதம் 0.49. மாக் 2 போவதற்கு இது போதவே போதாது.

டாங்க் இந்த எஞ்சினுக்காக விமானத்தை வடிவமைக்கவில்லை. அவர் மனதில் இருந்தது அதே குடும்பத்தின் அடுத்த எஞ்சின், ஆர்ஃபியஸ் 12. ஆஃப்டர்பர்னரோடு 8,170 பவுண்டு தருவதாகத் திட்டம். அதே எடைக்குப் போட்டுப் பார்த்தால் விகிதம் 0.83. அது வேறு விமானம்! ஆனால் பிரிட்டன் தன் தேவைக்கு அந்த எஞ்சின் வேண்டாம் என்று கைவிட்டது. மேம்பாட்டுச் செலவை இந்தியா ஏற்றால் தொடரலாம் என்றார்கள். இந்தியா ஏற்கவில்லை. பிறகு ஆரம்பித்தது ஊர் ஊராக எஞ்சின் தேடல். சோவியத் எஞ்சின் ஒன்றைப் பார்த்தார்கள். எகிப்தில் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியர் செய்துகொண்டிருந்த ஈ-300 எஞ்சினைச் சோதிக்க ஒரு மாருத்தையே எகிப்துக்கு அனுப்பினார்கள். 1967-இல் அது பறக்கவும் செய்தது. ஆனால் எகிப்தின் அந்தத் திட்டமே கொஞ்ச காலத்தில் நின்றுபோனது.

கையில் இருந்த 703-க்கே ஆஃப்டர்பர்னர் பொருத்திப் பார்ப்போம் என்று எச்ஏஎல் முயன்றது. அந்தச் சோதனை விமானத்தில்தான் 1970 ஜனவரி 10 அன்று சுரஞ்சன் தாஸ் இறந்தார். அப்போது அவர் குரூப் கேப்டன். பெங்களூரில், புறப்பட்ட சற்று நேரத்தில் விமானம் விழுந்தது. முதல் மாருத்தை மேலே கொண்டுபோனவரும் அவர்தான். ஓல்ட் மெட்ராஸ் ரோட்டையும் ஓல்ட் ஏர்போர்ட் ரோட்டையும் இணைக்கிற சாலைக்கு அவர் பெயர். ஐடி கம்பெனி பஸ்களும் நானும் தினமும் அந்த சுரஞ்சன் தாஸ் ரோட்டில்தான் சிக்னலுக்கு நிற்கிறோம். யாரந்த தாஸ் என்று ஆஃபீஸில் பத்துப் பேரைக் கேட்டிருப்பேன். ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

'எல்லாம் பிரிட்டன் எஞ்சின் தராததால்' என்று முழுப் பழியையும் வெளியே தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. செலவை ஏற்க மறுத்தது நம் முடிவு. அதற்கு மேல், வாலைப் பின்னாலிருந்து நேராகப் படம் எடுத்துப் பாருங்கள். இரண்டு துவாரங்களுக்கும் நடுவிலும் சுற்றிலும் தட்டையாக, எதுவும் ஊதாத பரப்பு கொஞ்சம் இருக்கும். வேகமாகப் போகும் உடலின் பின்பக்கம் இப்படித் தட்டையாக முடிந்தால் அங்கே அழுத்தம் குறைந்து விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். லாரிக்குப் பின்னால் தூசியும் காகிதமும் சுழன்று ஒட்டிக்கொண்டு வருமே, அதே சங்கதி. இடுப்பில் அவ்வளவு கவனமாகச் சேமித்ததில் ஒரு பகுதியை வாலில் இழந்திருக்கிறார்கள். கடைசியில் கிடைத்த வேகம் 12,000 மீட்டர் உயரத்தில் மாக் 1.02. ஒலியை மயிரிழையில் தாண்டியது.

இந்தப் படங்களை எங்கள் அபார்ட்மென்ட்டில் கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். கோலார் தங்கவயல் தமிழர். எழுபதுகளின் தொடக்கத்தில் எச்ஏஎல்-லில் ஃபிட்டராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவர். மூட்டுவலியால் இப்போது அவ்வளவு தூரம் போய் நடக்க முடியாது. டேப்லெட்டை வாங்கி மூக்குப் படங்களைச் சரசரவென்று தள்ளிவிட்டு நேராக வாலுக்குப் போனார். இரண்டு விரலால் பெரிதாக்கி ரிவெட் வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இந்த வரிசை கோணல் இல்லாம போகுது பாருங்க தம்பி. இன்ஸ்பெக்டர் கண்ணால பாக்க மாட்டார், விரலால தடவிப் பாப்பார். ஒண்ணு தூக்கிட்டு நின்னாலும் எடுத்துட்டு மறுபடி அடிக்கணும்."

"இந்த விமானம் ஃபெயில்னு எல்லாரும் எழுதறாங்களே சார்?" என்று கேட்டேன்.

"ஃபெயிலான வண்டிய 147 செய்வாங்களா?" என்றார். அத்தோடு விட்டுவிட்டு, இடது பக்க இறக்கையின் அடியில் ஒரு படம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, ஆனால் நிழலில். அடுத்த வாரம் போய் அவருக்காக எட்டுப் படம் எடுத்துவந்தேன்.

147 என்பது சரியான எண்தான். அதில் 18 இரட்டை இருக்கைப் பயிற்சி விமானங்கள். அவர் கேள்வி நியாயமானது என்பது என் அபிப்பிராயம். 1971 போரில் மாருத்கள் ஜோத்பூரிலிருந்தும் உத்தர்லாயிலிருந்தும் ராஜஸ்தான் பாலைவனத்தின் மேல் தரைத்தாக்குதலுக்குப் போயின. தரையிலிருந்து சுட்டதில் ஒரு எஞ்சின் போய், மற்றதை வைத்துத் திரும்பி வந்தவை உண்டு. வான்சண்டையில் ஒன்றுகூட விழவில்லை. டிசம்பர் 7 அன்று ஸ்குவாட்ரன் லீடர் பக்‌ஷி ஓட்டிய மாருத் ஒரு பாகிஸ்தான் சேபரை வீழ்த்தியது. இடைமறித்துத் துரத்துவதற்காக வடிவமைத்த விமானம், தாழப் பறந்து அடிக்கிற வேலையை நன்றாகவே செய்தது. கேட்ட வேலைக்குத் தோல்வி, கொடுத்த வேலைக்கு வெற்றி. 1990-க்குள் முழுக்க விலக்கிவிட்டார்கள்.

மூக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாரும் எடுக்கிறார்கள். பக்கத்துக்கு இரண்டாக நான்கு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகளின் வாய் தெரியும். முன்சக்கரத்துக்குப் பின்னால் வயிற்றில், 50 ராக்கெட்டுகளை அடக்கிக்கொண்டு தேவைப்படும்போது கீழே இறங்குகிற ஒரு பெட்டி இருந்தது. இரட்டை இருக்கை மாருத்தில் அந்தப் பெட்டியின் இடத்தைத்தான் இரண்டாவது இருக்கைக்குக் கொடுத்தார்கள். குனிந்து அந்த மூடியின் விளிம்பை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் பற்றி. பெங்களூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் வெள்ளையாக மூடிக் கிடக்கும். கேமராவின் மீட்டர் அந்த வெள்ளையைப் பார்த்துப் பயந்து படத்தை இருட்டாக்கும். விமானம் கறுத்த நிழலாக விழும். எக்ஸ்போஷர் ஈடு +0.7 அல்லது +1 வைத்துக்கொள்ளுங்கள், வானம் வெளுத்துப் போனால் போகட்டும். நமக்கு வேண்டியது தகடு. விவரமான படத்துக்கு எஃப்/8, ஐஎஸ்ஓ 200, அதற்கேற்ற ஷட்டர். இது பெரிய வித்தை இல்லை. ரிவெட்டும் பள்ளமும் தெரிய வேண்டுமானால் மேகம் உதவாது. காலையிலோ மாலையிலோ வெயில் தகட்டை உரசிக்கொண்டு சாய்வாக விழ வேண்டும். பெரியவர் பார்த்த ரிவெட் வரிசை அப்படி எடுத்ததுதான். போலரைசர் வடிகட்டி வைத்திருப்பவர்கள் பெயின்ட் அடித்த பகுதியில் பளபளப்பைக் குறைக்கலாம், தகட்டுக்குச் செங்குத்திலிருந்து 55 டிகிரி சாய்ந்து நின்றால் நன்றாக வேலை செய்யும். பெயின்ட் இல்லாத வெறும் உலோகத்தில் அதன் பருப்பு வேகாது. உலோகம் ஒளியைத் திருப்புகிற விதமே வேறு.

இப்போது பள்ளிப் பிள்ளைகள். அவர்களை விரட்டத் தேவையில்லை, சொல்லப்போனால் அந்த இடமே அவர்களுக்காகத்தான். ஒரே இடத்தில் நின்று சில நொடி இடைவெளியில் 15 படம் எடுங்கள். வீட்டுக்கு வந்து பைதானில் ஓப்பன்சிவி வைத்து 15-ஐயும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துங்கள். பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் 15 மதிப்புகளை வரிசைப்படுத்தி நடுவில் இருக்கிற எட்டாவதை எடுங்கள். சராசரி எடுத்தால் எல்லாரும் ஆவி மாதிரி மங்கலாக நிற்பார்கள். நடுமதிப்பு எடுத்தால் அப்படி இல்லை. ஒரு இடத்தில் ஏழு படம் வரை யாராவது நின்றிருந்தாலும் அங்கே விமானம்தான் மிஞ்சும். ஆள் நகர்வார், விமானம் நகராது. மொத்தம் இருபது வரி நிரல். அசையாமல் பெஞ்சில் உட்கார்ந்து டிபன் சாப்பிடுகிறவரை மட்டும் இதனால் அகற்ற முடியாது.

எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? வெளியே நிற்கிற விமானம் மாறிக்கொண்டே இருக்கிறது. மழை, வெயில், இலைக்குப்பை, அலுமினியத்தில் வெள்ளைப் பொடியாகக் கிளம்பும் அரிப்பு. சில ஆண்டுக்கு ஒருமுறை எந்த அருங்காட்சியகமும் பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும், அடிக்காவிட்டால் தகடு போய்விடும். ஆனால் புதுப் பெயின்டுக்குக் கீழே போவது சின்னச் சின்ன எழுத்துகள். எரிபொருள் எங்கே ஊற்றுவது, எங்கே காலை வைக்கக்கூடாது, எந்த மூடிக்குப் பின்னால் என்ன என்று ஸ்டென்சிலில் அடித்தவை. மேல் பெயின்ட் உரிந்த இடத்தில் பழைய எண்ணின் ஒரு மூலை தெரியும். அந்த ஒரு மூலையை வைத்து அந்த விமானம் எந்த ஸ்குவாட்ரனில் இருந்தது என்று கண்டுபிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அழகான மூக்குப் படம் பத்தாயிரம் இருந்தும் அவர்களுக்குப் பயனில்லை. அதனால் உரிந்த இடங்களைத்தான் நான் தேடி எடுப்பது. கூடவே ஒரு ஸ்கேல், கோப்பின் பெயரில் தேதி, எந்தப் பக்கம், மூக்கிலிருந்து தோராயமாக எத்தனை மீட்டர். மூலக் கோப்பைச் சுருக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸப்பில் போய்த் திரும்பி வந்த படத்தில் ஸ்டென்சில் எழுத்து படிக்க முடியாது.

அங்கே சில கட்டுப்பாடுகள் சொல்லாமலே புரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பது பாதுகாப்புத் துறை வளாகமும் இயங்கும் ஓடுதளமும். மதில் தாண்டி கேமராவைத் திருப்பாதீர்கள், ட்ரோன் என்ற பேச்சே வேண்டாம். கயிறு கட்டியிருந்தால் கயிறுக்கு வெளியே. இறக்கைக்கு அடியில் குனிய வேண்டுமென்றால் காவலரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எதற்கென்று விளக்கிச் சொன்னால் என் அனுபவத்தில் ஆர்வமாகவே விட்டிருக்கிறார்கள். ஒருவர் தானே வந்து எந்த மூடியின் ஓரத்தில் எழுத்து மிச்சமிருக்கிறது என்று காட்டினார்.

கடைசியாக, எனக்குப் பிடித்த வேலை. ஒரு மேகமான காலையில் விமானத்தைச் சுற்றிச் சுற்றி 180 படம் எடுத்தேன், ஒவ்வொன்றும் முந்தையதோடு மூன்றில் இரண்டு பங்கு ஒட்டுகிற மாதிரி. கோல்மேப் என்ற இலவச மென்பொருள் அவற்றில் பொதுவான புள்ளிகளைக் கண்டுபிடித்து, கேமரா எங்கெங்கே நின்றது என்று கணக்கிட்டு, முப்பரிமாண வடிவத்தைத் தருகிறது. மேகம் முக்கியம். வெயிலில் பளபளப்பு நாம் நகர நகரத் தானும் நகரும், மென்பொருள் குழம்பிவிடும். அளவுக்கு நீளத்தை வைக்காமல் இறக்கையின் 9 மீட்டரை வைத்தேன், ஏனென்றால் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கிற குழாய்கள் அருங்காட்சியக விமானங்களில் வளைந்தோ கழற்றப்பட்டோ இருப்பது சகஜம். பிறகு கேரட் நறுக்குகிற வேலைதான். வடிவத்தைக் குறுக்கே வெட்டி, ஒவ்வொரு வெட்டின் பரப்பளவையும் வரைபடமாகப் போடுவது.

பக்கங்களும் வயிறும் நன்றாக வந்தன. முதுகு வரவில்லை, கண் உயரத்திலிருந்து எடுத்தால் முதுகு தெரியாது. மூடாத உருவத்துக்குப் பரப்பளவு கணக்கிட முடியாது. விமானத்தின் உயரம் வாலின் உச்சி வரை 3.6 மீட்டர். உடலின் முதுகு அதைவிட நன்றாகவே கீழே. ஒரு மோனோபாடை இரு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தால் கேமரா ஏறக்குறைய வாலின் உச்சிக்குச் சமமாகப் போய்விடும். அங்கிருந்து கீழே பார்த்தால் முதுகு கிடைக்கும். அனுமதி கேட்டு, மொபைலில் புளூடூத் பொத்தானோடு அதைச் செய்தேன். தோள் வலி இரண்டு நாள். ஆனால் அந்த 40 படங்களைச் சேர்த்து மறுபடி ஓட்டியபோது முதுகு மூடிக்கொண்டது. உடலை மட்டும் வெட்டிப் போட்ட கோட்டில் இறக்கை வேர் தொடங்கும் இடத்தில் ஒரு பள்ளம். இறக்கையையும் சேர்த்துப் போட்ட கோட்டில் பள்ளம் இல்லை.